நான் ஒட்டி மூடிய ஏழு குடிசைகள்

நீ சனிக்கிழமை தில்லி ரயில் ஏறுகிறாய். பெட்டியைக் கட்டிவிட்டாய், கம்பளியை மறந்துவிட்டாய், அதை நான் எடுத்து வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் கம்பளிக்காக இல்லை. போன ஞாயிறு உன் நண்பர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாயே, அன்று சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே ஒரு கதை சொன்னாய். நம் வீட்டில் வேலை செய்த மாலதி மாஷி குடிசையை இழந்து தெருவுக்கு வர இருந்தபோது, உன் அம்மா வேலை போனாலும் போகட்டும் என்று ஆபீசில் இருந்த யுத்தகாலப் படம் ஒன்றை அட்டையிலிருந்து பிரித்து, அதன் முதுகில் இருந்த எழுத்தை வெளியே கொண்டுவந்து, அவளைக் காப்பாற்றினாள் என்ற கதை. "காகிமா, நீங்கதான் ஹீரோ" என்று உன் வங்காளித் தோழி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாயசம் எடுத்து வருகிறேன் என்று நான் உள்ளே எழுந்து போனேன். பாயசம் ஏற்கெனவே மேஜையில்தான் இருந்தது.

ஏழு வருடமாக நீ இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாய். உனக்குத் தெரியாத ஐந்து மாதம் அதில் இருக்கிறது. அதை மறைத்தவள் நான். இப்போது நீ போகிற வேலையும் இதே வேலை. அருங்காட்சியகத்தில் யுத்தகாலப் படங்களையும் வரைபடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து கணினியில் ஏற்றுகிற வேலை. என் மகன் என்ற பெருமையோடு அங்கே போய் உட்காருவாய். எதற்குப் பெருமைப்படலாம், எதற்குக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போ.

உன் அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இங்கே கல்கத்தாவுக்கு மாற்றலானபோது உனக்கு இரண்டு வயது. எனக்குக் கையில் ஒரு வேதியியல் பட்டம், வாயில் ஒரு சொல் வங்காளம் கிடையாது. மத்திய அரசின் ஆவணக் காப்பகத்தில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். கிழிந்த காகிதத்தைத் தைப்பது, பூச்சி அரித்த வரைபடத்துக்கு முதுகில் மெல்லிய துணி கொடுப்பது, புகைப்படங்களுக்கு உறை போடுவது. "காகிதத்துக்கு நர்ஸ் வேலையா ஏட்டி?" என்று உன் அப்பா சிரித்தார். எனக்குப் பிடித்திருந்தது. நீ என்னிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாய், "எப்பப் பாரு ஆபீஸ், ஆபீஸ்" என்று. உன்னை வளர்த்ததில் பாதி மாஷிதான். காலையில் எட்டு மணிக்கு அவள் வந்து உன்னை வாங்கிக்கொண்டால்தான் நான் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்கு ஓட முடியும். நீ முதலில் பேசிய வாக்கியம் வங்காளத்தில் இருந்தது என்று ஊரில் உன் அத்தைகள் என்னைக் குத்திக்காட்டியது உனக்குத் தெரியும். அவர்கள் யாரும் இங்கே வந்து உனக்கு ஒரு வேளை சோறூட்டவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட வந்த காலத்தில் எடுத்த படங்கள் நூறுக்கும் மேல், கூடவே ஊரின் பெரிய வரைபடம் ஒன்று. வான்தாக்குதல் நடந்தால் எந்தத் தெருவில் எத்தனை பேர் ஒதுங்கலாம், பதுங்குகுழி எங்கே வெட்டலாம் என்று பார்ப்பதற்காக அதிகாரிகள் தெருத்தெருவாகப் போய் எடுத்த படங்கள். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்குரிய படம் எது என்பது படத்தின் முன்பக்கத்தில் இருக்காது. முதுகில் பென்சிலால் எழுதியிருக்கும். எண், இடம், எத்தனை பேர், யார் இருக்கிறார்கள் என்று நாலு வரி. படமும் வரைபடமும் ஒன்றோடொன்று பேசுவது அந்த நாலு வரியால்தான். அந்த வரி போனால், ஒரு பக்கம் வெறும் புள்ளி, இன்னொரு பக்கம் வெறும் காட்சி.

போர் முடிந்து ஐம்பது வருடம் ஆனதற்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தாய். மந்திரி வருகிறார் என்று ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னார் எங்கள் சூப்பரின்டென்டென்ட். எல்லோருக்கும் அவர் பொரோபாபு, பெரிய ஐயா. படங்களைக் கெட்டி அட்டையில் முழுசாக ஒட்டிச் சுவரில் மாட்ட வேண்டும். நான் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"பொரோபாபு, பின்னால எழுத்து இருக்கு. ஒட்டினா மூடிடும்."

"மந்திரி திருப்பிப் பார்ப்பாரா?"

"மாட்டார்."

"அப்புறம் யார் பார்ப்பா? நீங்களா? ஒட்டுங்க, ஒட்டுங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் முதல் தப்பு, எழுதி வைத்துக்கொள். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் அந்த வரிகளைப் பார்த்து எழுதியிருக்கலாம். மூன்று நாள் வேலை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான். உத்தரவு இல்லாததை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு அரசாங்க ஆபீசில் எத்தனை அக்கிரமம் நடக்கிறது என்று உன்னிடம் எத்தனை முறை கத்தியிருக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது தப்பு பசையில். தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை பொரோபாபு டப்பா டப்பாவாக வாங்கியிருந்தார். ஒட்டினால் ஒட்டியதுதான், ஆயுசுக்கும் வராது. முதல் பத்துப் படங்களை அதில் ஒட்டினேன். பதினோராவதுக்குக் கை வைத்தால் பசையைக் காணோம். மந்திரிக்கு மேடை போட்ட தச்சன் அள்ளிக்கொண்டு போய்விட்டான். புதிதாக வாங்க இன்டென்ட் எழுதி, கையெழுத்து வாங்கி, அது வருவதற்குள் மந்திரி வந்து போயிருப்பார். நான் ஹீட்டரில் மைதா மாவைக் காய்ச்சினேன். எங்கள் பிரிவில் காலம் காலமாகச் செய்கிற பசை அது, பூச்சி வராமல் நாலு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டு. மிச்சப் படங்கள் எல்லாம் மைதாவில்தான் நின்றன. அறிக்கையில் மட்டும், உத்தரவுப்படி எல்லாப் படங்களும் செயற்கைப் பசையால் ஒட்டப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பசை எங்கே போயிற்று என்ற கேள்வி வரக்கூடாது என்று பொரோபாபு சொன்னார். எந்தப் பத்துப் படம் வெள்ளைப் பசை என்று நான் எங்கும் குறிக்கவில்லை. குறித்தால் பொய் தெரிந்துவிடுமே.

கண்காட்சி நன்றாக நடந்தது. அதாவது, மந்திரி வந்தார், ஜெனரல்கள் நிற்கும் படங்களுக்கு முன்னால் நின்றார், தேநீர் குடித்தார். ஓரத்தில் ஒரு படம் தொங்கியது. ஒரு கால்வாய்க் கரை, ஏழு குடிசைகள், கையில் நீளமான துடுப்புக்கழியோடு ஒரு மனிதன். அவன் பக்கத்தில் படகு இல்லை. கீழே அச்சடித்த வாசகம்: 'யுத்தகாலக் கல்கத்தா: ஒரு கால்வாய்க் காட்சி.' ஏழு குடும்பம் காட்சியாகிவிட்டது. துரைகளுக்குப் பெயர் போட்டிருந்தார்கள், குதிரைக்குக்கூட ஒரு பெயர் போட்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. யார் அந்த மனிதனின் பெயரை மூடியது என்று யோசித்திருந்தால் அந்தக் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அதற்கு ஏழு வருடம் கழித்து, நீ ஜாதவ்பூரில் முதல் வருடம் சேர்ந்தபோதுதான் மாஷிக்கு அந்த நோட்டீஸ் வந்தது. டாலிகஞ்சுக்கு அப்பால் கால்வாய்க் கரையைக் காலி செய்யப்போகிறார்கள். சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பதாகக் காகிதம் காட்டினால் ஊருக்கு வெளியே ஒரு வீடு. காட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. நம் அடுக்குமாடியில் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம், நினைவிருக்கிறதா? "அப்பாடா, அந்த நாற்றம் போகும்." அந்த நாற்றத்திலிருந்து எழுந்து வந்துதான் காலையில் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை ஒருத்தி தேய்க்கிறாள், குழந்தையை ஒருத்தி குளிப்பாட்டுகிறாள். கால்வாய்க்காரர்கள் எல்லோரும் நேற்று எல்லை தாண்டி வந்தவர்கள் என்று மாடியில் இருந்த ஒருவர் சொன்னார். அவரே எல்லை தாண்டி வந்தவர்தான், அவருக்குக் காகிதம் இருந்தது.

பூஜை முடிந்த மறுவாரம். நீ காலேஜுக்குப் போய்விட்டாய். மாலதி மாஷி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் வங்காளத்தில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"பௌதி, உங்க ஆபீசுல யுத்தகாலத்துப் படமெல்லாம் இருக்குன்னு சொல்லுவீங்கல்ல?"

"இருக்கு. ஏன்?"

"என் மாமனார்கிட்ட இருந்து படகைச் சர்க்கார் பிடுங்கிடுச்சு. ஜப்பான்காரன் வந்தா ஏறிடுவானாம். அப்புறம் ஒரு சாகேப் வந்து எங்க கரையைப் படம் பிடிச்சானாம். மாமனார் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டானாம். மாமியார் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. அந்தப் படம் இருக்கான்னு பாருங்களேன்."

மறுநாள் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, என் கை நேராக அந்த அட்டையில் போய் நின்றது. ஏழு குடிசை, துடுப்புக்கழி, படகு இல்லாத மனிதன். திருப்பினேன். பழுப்பு அட்டை. அதற்குள்ளே அவன் பெயர் இருக்கிறது, எனக்கும் அதற்கும் நடுவே என் கையால் பூசிய பசை இருக்கிறது. மைதாவா, வெள்ளைப் பசையா, தெரியாது. மைதா என்றால் திறக்கலாம், திறந்தால் என் அறிக்கை பொய் என்று தெரிந்துவிடும். வெள்ளைப் பசை என்றால் பிரிக்கும்போதே படம் நாசமாகும். உன் அப்பாவிடம் சொன்னேன். "ஏட்டி, சும்மா கெட. பொய் சர்டிபிகேட்னு சஸ்பெண்ட் பண்ணினா பய படிப்ப யாரு பாப்பா?" என்றார். அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் அவரிடம் போனேன்.

அடுத்த நாள் மாஷி வந்ததும் சொன்னேன். "தேடிப் பார்த்துட்டேன் மாலதி. அப்படி எதுவும் இல்லை."

அவள் "ஓ" என்றாள். விளக்குமாற்றை எடுத்தாள்.

இதுதான் நீ சொல்லும் கதையில் இல்லாத பகுதி. ஐந்து மாதம். குளிர் வந்தது, போனது. தினமும் காலையில் எட்டு மணிக்கு அவள் வந்தாள். நான் தினமும் ஆபீசுக்குப் போய் அந்த அலமாரியைத் தாண்டி என் மேஜைக்கு நடந்தேன். அவளுக்கு விடுமுறை கொடுத்தேன், பழைய சால்வை கொடுத்தேன், மருமகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை சாமான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். நீ என்னை அந்த மாதங்களில் தாராள மனசுக்காரி என்று கேலி செய்தாய். "அம்மாவுக்கு திடீர்னு என்ன ஆச்சு, எலெக்ஷன்ல நிக்கப் போறாங்களா?" என்றாய்.

மனசாட்சி உறுத்தி மாறினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மாசி மாத வாக்கில் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கண்காட்சி அட்டைகள் இடத்தை அடைக்கின்றன, முன்பக்கத்தைப் படமெடுத்து குறுந்தகட்டில் ஏற்றிவிட்டு அட்டைகளைக் கழிவில் போடலாம். கழிவுப் பட்டியலில் பராமரிப்புப் பிரிவின் சார்பாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை நான் சொன்ன பொய்யை என்றைக்காவது திருத்தலாம் என்ற நினைப்பு எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. இப்போது அதற்கு ஒரு வாரம்தான் பாக்கி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மாஷி நம் சமையலறையில் பழைய செய்தித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இதை எடுத்துக்கட்டுமா பௌதி? கண்ணாடிச் சாமானைச் சுத்தி வைக்கணும். விசாரணை அடுத்த மாசம், அதுக்கப்புறம் புல்டோசர் வந்துடுமாம்." நீ அவளுக்கு நூல்கயிறு தேடிக்கொண்டிருந்தாய்.

அவள் போனதும் உன்னிடம் சொன்னேன். எதைச் சொன்னேன்? "இன்னைக்கு அந்தப் படம் கண்ணுல பட்டுச்சுடா" என்று சொன்னேன். இன்றைக்கு. பசை விஷயத்தையும் அறிக்கையையும் சொன்னேன், ஐந்து மாதத்தைச் சொல்லவில்லை. எந்தப் பசை என்று தெரியாமல் கை வைக்க முடியாது என்றேன். நீ முறைத்தாய்.

"சே! அம்மா, நீ கெமிஸ்ட்ரிதானே படிச்சே? மைதான்னா ஸ்டார்ச். அயோடின் விட்டா நீலமாகும். ஸ்கூல்ல உருளைக்கிழங்குல பண்ணினோமே!"

பதினாறு வருடம் பசையோடு வாழ்ந்தவளுக்கு அது தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதே சரி. தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே.

மறுநாள் மருந்துப் பெட்டியிலிருந்து டிங்சர் அயோடின் புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அட்டையின் ஓரத்தில் அன்றைக்குப் பிதுங்கிக் காய்ந்த பசை, மிளகளவு. தீக்குச்சி நுனியால் ஒரு சொட்டு வைத்தேன். பழுப்பாக நின்றது. எண்ணத் தொடங்கினேன், நாலு எண்ணுவதற்குள் கறுத்து நீலமாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு உனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறதா? காலேஜ் ஹாஸ்டலில் தங்கியிருந்த உன் நண்பன் எடுத்தான், வகுப்பிலிருந்து உன்னைக் கூப்பிட ஓடினான். "நீலம்டா" என்று மட்டும் சொன்னேன். நீ அந்தப் பக்கம் கத்தியதில் என் காது அடைத்துப்போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை, நீ பிறந்த அன்று உட்பட.

பொரோபாபு ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த அதிகாரி என்னைவிடச் சின்னவர், அதிகம் பேசாத பெண். அறிக்கையையும் நீலப் புள்ளியையும் அவர் மேஜையில் வைத்துச் சொன்னேன்.

அவர் கேட்டார், "பொய்யா எழுதினீங்களா?"

"ஆமா மேடம்."

"அதுக்கு மெமோ வரும். பதவி உயர்வு தள்ளிப்போகும். அது தனி." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதைத் திறக்க எத்தனை நேரம் ஆகும்?"

"முழு நாள்."

"அப்ப ஏன் இன்னும் இங்க நிக்கறீங்க?"

நான் ஏழு வருடமாகப் பயந்த பயம் இவ்வளவுதான். ஒரு மெமோ.

எப்படித் திறப்பது என்பதை எழுதுகிறேன், உனக்கு அங்கே தேவைப்படும். படத்தின் முகத்தில் ஈரம் படக்கூடாது, பட்டால் மேற்பூச்சு ஊறி வழிந்துவிடும். அதனால் முகத்தைக் கவிழ்த்து வைத்து, அட்டையைப் பின்னாலிருந்து ஒவ்வொரு படலமாக உரிக்க வேண்டும். மழுங்கிய கத்தி, வேறு எதுவும் வேண்டாம். வெங்காயத்தோல் அளவுக்கு வந்த பிறகு, பிழிந்த மை உறிஞ்சும் தாளை அதன்மேல் போட்டு, மேலே கண்ணாடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவசரப்பட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்க்காதே. மதியம் மூன்று மணிக்குக் கண்ணாடியை எடுத்தேன். பசை இளகி, லேசாகக் கிராம்பு வாசனை வந்தது. இடுக்கியால் மூலையைப் பிடித்தேன், கடைசிப் படலம் பாலாடை மாதிரி மடங்கி வந்தது. அடியில் பென்சில். ஒரு எழுத்துகூடப் போகவில்லை. கீழே மையால் போட்டிருந்த கையெழுத்து மட்டும் கலங்கியிருந்தது.

எண் நாற்பத்தொன்று. கால்வாயின் கிழக்குக் கரை. குடிசைகள் ஏழு. போருக்கு முன்பிருந்தே குடியிருப்பு. படகுக்காரன் ஹரிபதோ, படகு ஒப்படைக்கப்பட்டது. அதற்குக் கீழே கடைசி வரி: பதுங்குகுழி தேவையில்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஹரிபதோதான் மாஷியின் மாமனார். வரைபடத்தை விரித்தேன். நாற்பத்தொன்று என்ற புள்ளி மாஷியின் கரையிலேயே இருந்தது. அந்தக் கடைசி வரியை நீ உன் கதையில் எப்போதும் விட்டுவிடுகிறாய், அது நல்லாயில்லை என்று. இனி விடாதே. குண்டு விழுந்தால் இவர்கள் சாகலாம் என்று முடிவு செய்வதற்காக எடுத்த படம் அது. ஒருவனிடமிருந்து படகைப் பிடுங்கி, அவனை வெறும் கழியோடு நிற்க வைத்துப் படமெடுத்து, இவனுக்குக் குழி வேண்டாம் என்று எழுதியிருக்கிறான் அந்த சாகேப். அறுபது வருடம் கழித்து வந்தவர்களும் அதே கரைக்கு அதே வரியைத்தான் எழுத வந்தார்கள். முதலில் எழுதியவன் திமிர் பிடித்தவன், ஆனாலும் பெயரைக் கேட்டு எழுதியிருந்தான். அந்த ஒரு காரியத்தைத்தான் நான் மூடினேன்.

மேடம் கையெழுத்துப் போட்ட நகலோடு மாஷி விசாரணைக்குப் போனாள். நீயும் கூடப் போனாய். மூன்று முறை இழுத்தடித்தார்கள். மூன்றாவது முறை அவள் கோப்பில் முத்திரை குத்தியதும் நீ தெருவிலிருந்து போன் செய்தாய், பின்னால் பஸ் சத்தம், பேச்சே வரவில்லை உனக்கு. நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். ஏழு குடும்பத்தில் நாலு குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. மற்ற மூன்று குடும்பத்தாரும் அந்தப் படத்தில் இருந்தவர்களின் வாரிசு என்று நிரூபிக்க முடியாமல் போனார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் முன்னால் திறந்திருந்தால் அவர்களுக்கும் காகிதம் தேட நேரம் இருந்திருக்கும். இதையும் உன் கதையில் சேர்த்துக்கொள்.

கழிவுப் பட்டியல் நின்றுபோனது. மைதாவில் ஒட்டிய எல்லாவற்றையும் மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தேன், முதுகையும் படமெடுத்து வைத்தோம். வெள்ளைப் பசையில் போன பத்துப் படங்கள் இன்னும் மூடியே இருக்கின்றன. அதில் எந்தக் கரை, யார் பெயர் என்று யாருக்கும் தெரியாது. தில்லியில் உன்னிடம் ஒரு படத்தைக் கொடுத்து முன்பக்கம் போதும் என்பார்கள், நேரமில்லை என்பார்கள். சண்டை போடு. சண்டையில் தோற்றால் முதுகில் இருப்பதைக் கையால் எழுதியாவது வை. செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுதாதே. தப்பாக ஒட்டியதைக்கூட ஒரு நாள் திறந்துவிடலாம். எப்படி ஒட்டினோம் என்று பொய் எழுதினால், திறக்க வருகிறவனின் கையையும் கட்டிப் போடுகிறாய்.

விருந்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, இரண்டு பஸ் மாறி மாஷி வீட்டுக்குப் போனேன். அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க பௌதி, கோகா எப்பக் கிளம்பறான்?" என்றாள். உனக்கு அவள் வைத்த பெயர் இன்னும் மாறவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்.

"படம் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும், மாலதி. நீ கேட்ட மறுநாளே பார்த்துட்டேன். இல்லைன்னு பொய் சொன்னேன்."

மீனைக் கீழே வைத்தாள். விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். கார்த்திக், ஒக்ரான், பௌஷ், மாக், பால்குன்.

"அஞ்சு மாசமும் உங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சேன்."

"ஆமா."

"அந்த பௌஷ் சங்கராந்திக்கு எங்க வீட்டுல பிட்டே பண்ணலை. இருக்கற கூரையே போகப் போகுது, பலகாரம் ஒரு கேடான்னு என் மருமக அழுதா. நீங்க அன்னிக்கு டப்பாவுல சர்க்கரைப் பொங்கல் கொடுத்தீங்க. முந்திரியெல்லாம் போட்டு." கையில் ஒட்டிய செதிலைத் தட்டினாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு ஆரம்பித்தாள் பார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவள் செய்திருந்தால் போகிறது என்பேன், காகிதம் என்றால் என்ன என்று தெரிந்தவள் நீ என்றாள். நீ என்றாள், முதல் முறையாக. உன் பிள்ளையை நான் இடுப்பில் சுமந்ததற்கு இதுதானா என்றாள். அரை மணி நேரம். டீ கொடுக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை. எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அவள் திட்டத் திட்ட மனப் பாரம் இறங்கிக்கொண்டே போனது. ஏழு வருடமாக அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டதுதான் தாங்க முடியாமல் இருந்திருக்கிறது.

கடைசியில் களைத்துப்போய்க் கேட்டாள். "கோகாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க. வாயால சொல்லாதீங்க, குறைச்சுச் சொல்லுவீங்க. எழுதிக் கொடுங்க. என்கிட்ட வந்து அவன் படிச்சுக் காட்டட்டும்."

அதனால்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை அவள் உனக்கு மீன்குழம்பு வைக்கிறாளாம், எனக்கு அழைப்பு இல்லை. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொரு வரியையும் வங்காளத்தில் அவளுக்குச் சொல். எங்காவது நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு எழுதியிருந்தால் அவளுக்கு உடனே தெரியும், அவள் சொல்வதை ஓரத்தில் எழுதிக்கொள். இங்குள்ள தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்கு இந்தப் படத்தின் கதையை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் திருத்திய பிறகு, அவள் திருத்தத்தோடு, இந்தக் கடிதத்தையே அச்சுக்குக் கொடு.